நிலா பெரிசா, மிளகு பெரிசா?



திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் போயிருக்கிறீர்களா? மலையைச் சுற்றி 14 கி.மீ. நடக்க வேண்டும். ஒரு பௌர்ணமியன்று எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நடந்து போனது. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த குட்டிப் பெண் கேட்டாள்:

"அப்பா, சாயங்காலம் கோபுரத்துக்கிட்ட பாத்தப்போ நிலா அவ்ளோ பெரிசா இருந்துச்சே... இப்ப ஏன் சின்னதாயிடுச்சு? நம்ம கூடவே நடந்து இளைச்சுப் போச்சா?"

பக்கத்தில் நடந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆனால், சிரித்தவர்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை!

அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தின் கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் என்ற பேரறிஞரே இதைப் பற்றி யோசித்து எழுதியிருக்கிறார்.

நிலா இளைக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை. அதன் குறுக்களவு 3,474 கி.மீ. நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி இருக்கிறது. இன்னொரு வேடிக்கை தெரியுமா? மாலையில் கிழக்கே உதிக்கும்போது இருப்பதைவிட, நள்ளிரவில் தலைக்கு மேலே வரும்போது நிலா நமக்கு ஏறக்குறைய 6,000 கி.மீ. பக்கத்தில் இருக்கிறது. பூமி சுழன்று நம்மை நிலாவின் பக்கம் கொண்டுபோய் விடுவதுதான் காரணம். அப்படிப் பார்த்தால், நள்ளிரவு நிலாதான் ஒரு துளி பெரிதாகத் தெரிய வேண்டும். நமக்கோ நேர்மாறாகத் தெரிகிறது!

நம்பிக்கை வரவில்லையா? ஒரு சோதனை செய்யுங்கள். அம்மாவிடம் கேட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு மிளகு எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஈர்க்குச்சியின் நுனியில் ஒட்டுங்கள். நிலா உதிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நன்றாக நீட்டி, மிளகை நிலாவுக்கு நேராகப் பிடியுங்கள். அவ்வளவு பெரிய நிலா, ஏறக்குறைய அந்த ஒரு மிளகுக்குள் அடங்கிவிடும்! ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து, நிலா உச்சிக்குப் போனதும் அதே மிளகை அதே மாதிரி பிடித்துப் பாருங்கள். அப்போதும் அதே அளவுதான்!

அப்படியானால் ஏமாற்றியது யார்? கண் இல்லை, மூளை!

ஒரு பொருள் எவ்வளவு பெரிது என்று முடிவு செய்யும் முன், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மூளை ஒரு கணக்குப் போடும். உதிக்கும் நிலாவுக்கு முன்னால் கடைகள், மரங்கள், மின்கம்பங்கள், வீட்டு மாடிகள் என்று வரிசையாக இருக்கின்றன. "இத்தனையையும் தாண்டி இருக்கிறதே, அப்படியானால் ரொம்ப தூரம். அவ்வளவு தூரத்திலும் இந்த அளவு தெரிகிறதென்றால் ரொம்பப் பெரிது" என்று மூளை தீர்ப்பு எழுதிவிடுகிறது. உச்சி வானில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அதனால், நிலா சிறுத்துவிடுகிறது. இந்த ஒரு காரணம் மட்டும் போதுமா என்று விஞ்ஞானிகள் இன்றும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இத்தாலி நாட்டு உளவியல் அறிஞர் மரியோ பொன்சோ இதே குறும்பைக் காகிதத்தில் காட்டினார். ரயில் தண்டவாளம் மாதிரி, மேலே போகப் போக நெருங்கும் இரண்டு கோடுகள் போடுங்கள். நடுவில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, ஒரே நீளத்தில் இரண்டு குறுக்குக் கோடுகள் வரையுங்கள். மேலே இருப்பதுதான் நீளம் என்று கண் சத்தியம் செய்யும். ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டும் ஒன்றுதான்!

அண்ணாமலையார் கோவிலின் கிழக்கு ராஜகோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 11 நிலைகள், 217 அடி உயரம். மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் சிறுத்துக்கொண்டே போகிறது. சிறிதாக இருந்தால் தூரத்தில் இருக்கிறது என்று நினைப்பது நம் மூளையின் பழக்கம். அதனால், கோபுரம் இன்னும் உயரமாக வானத்தைத் தொடுவதுபோல் தோன்றுகிறது.

இதெல்லாம் ரசிக்கத்தக்க ஏமாற்றம். ஆனால், உயிருக்கு உலை வைக்கும் ஏமாற்றமும் உண்டு, செல்லங்களே! அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலை உச்சியில், பெரிய கொப்பரையில் ஜோதி எரிகிறது. வெகு தூரத்துக் கிராமத்திலிருந்து இரவில் பார்த்தால் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். சுற்றிலும் இருட்டு. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் சொல்லவே முடியாது. இரவில் சாலையைக் கடக்கும்போதும் இதே கதைதான். இருட்டில் ஒற்றை விளக்கு வருகிறது. 'பைக்தானே, தூரத்தில்தானே வருகிறது' என்று நினைத்து ஓடுகிறோம். அது பக்கத்தில் வந்துவிட்ட பைக்காக இருக்கலாம். ஒரு பக்க விளக்கு எரியாத லாரியாகவும் இருக்கலாம்!

ரயிலும் அப்படித்தான். வானத்தில் போகும் விமானம் ஊர்ந்து போவதுபோல் தெரிகிறதல்லவா? அதுபோல, தூரத்திலிருந்து நேராக நம்மை நோக்கி வரும் பெரிய ரயிலும் மெதுவாக வருவதுபோல் தோன்றும். 'அதற்குள் தாண்டிவிடலாம்' என்று தண்டவாளத்தில் கால் வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது தண்ணீர். இதில் குற்றவாளி மூளை அல்ல, ஒளி. தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது ஒளி வளைகிறது. அதனால், மேலிருந்து பார்த்தால் தரை மேலே எழும்பி வந்ததுபோல் தெரியும். 4 அடி ஆழம் 3 அடி மாதிரியும், 8 அடி ஆழம் 6 அடி மாதிரியும் தோன்றும். தெளிந்த தண்ணீர்தானே, தரை தெரிகிறதே என்று கிணற்றிலோ, கல்குவாரிக் குட்டையிலோ இறங்கினால் என்ன ஆகும்? கோவில் குளங்களிலும் அப்படித்தான். இடுப்பளவு என்று நினைத்த படி நெஞ்சளவில் இருக்கும். பாசி வேறு வழுக்கும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். பொன்சோவின் கோடுகளை அளந்து பார்த்த பிறகும், மேல் கோடு நீளமாகத்தான் தெரியும். நிலாவின் ரகசியம் தெரிந்த பிறகும், உதிக்கும் நிலா பெரிசாகத்தான் தெரியும். 'எனக்குத்தான் எல்லாம் தெரியுமே' என்று இருப்பவரையும் கண் ஏமாற்றும். அதனால், கண்ணை மட்டும் நம்பி ஓடாதீர்கள். சாலையில் வண்டி போகும்வரை நில்லுங்கள். ரயில்வே கேட் மூடியிருந்தால், ரயில் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் காத்திருங்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் துணையின்றி, தெரியாத தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். இரண்டு நிமிடம் தாமதமானால் குடி முழுகிப் போய்விடாது!

ஆமாம், அந்தக் குட்டிப் பெண்ணுக்கு யாராவது பதில் சொன்னார்களா என்கிறீர்களா? அவள் அப்பா கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். பிறகு, "எனக்குத் தெரியலடா கண்ணு. நாளைக்கு உங்க டீச்சர்கிட்ட ரெண்டு பேரும் போய்க் கேட்கலாம்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று மகளிடம் சொன்ன அந்த அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

சரி, அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று காலண்டரைப் பாருங்கள். மிளகும் ஈர்க்குச்சியும் தயாராக இருக்கட்டும். தாத்தா, பாட்டியையும் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். அவர்களும் இத்தனை வருஷம் ஏமாந்துதானே இருப்பார்கள்!

அன்புடன்,
ஆசிரியர்