கவறாடும் மறைகாசு

சூது ஒருகாலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டினுள் நுழைவதில்லை. முன்பு குதிரைப் பந்தயமாய் வந்தது, குலுக்குச்சீட்டாய் வந்தது. இன்று 'விளையாட்டறிவு' என்றும் 'புதுக்காலப் பணம்' என்றும் இரட்டைப் பெயர் பூண்டு, கைப்பேசி வழியே நம் பிள்ளைகளின் தலையணைக்கடியில் வந்து படுத்துக்கொண்டது. மட்டைப்பந்து, கால்பந்து உலகக் கோப்பைகள் நடைபெறுந் திங்கள்களில், பிட்காயின் முதலான காசுகளைக் கட்டி, வெற்றி தோல்விகளின்மேல் பந்தயம் வைக்கும் கொடுமையையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

'கிரிப்டோ' என உலகம் வழங்குவதை நாம் மறைகாசு என்போம். 2008-இல் சதோசி நகமோத்தோ என்னும் புனைபெயரில் வெளிவந்த ஒரு கட்டுரையிற் பிறந்து, 2009 சனவரியில் நடைமுறைக்கு வந்தது பிட்காயின். அதனை எவ்வரசும் அடிப்பதில்லை, எவ்வைப்பகமும் காப்பதில்லை. கைம்மாறும் ஒவ்வொரு காசும் பொதுப் பேரேட்டில் உலகறியப் பதிவாகும், ஆயின் அப்பேரேட்டில் உள்ளவை எண்ணெழுத்துக் குறிகளே, ஆள்பெயர் இராது. தவறி அனுப்பிய காசை மீட்டுத்தரும் அலுவலரும் இலர்.

இதனை விடுதலைப் பணம் என்று கொண்டாடுவார் உளர். யாருக்கு விடுதலை? கட்டியவன் முகமும் வாங்கியவன் முகமும் ஒருங்கே மறைந்தால், காப்புறுபவன் வாங்கியவனே அன்றோ? பணங் கட்டும்போது பெயர் கேளாது, வென்ற பணத்தைக் கேட்கும்போது மட்டும் அடையாளச் சான்று கேட்கும் கடைகள் பலவுள. தெருவிற் சூதாடுவித்தவனையாவது ஊர்கூடிக் கேட்கலாம். முகமில்லாதவனை யார் கேட்பது?

சூதுக்கடையின் கணக்கை முதற்கண் காண்க. வலிமையில் ஒத்த இரண்டு அணிகள் மோதுகின்றன. நேர்மையான கணக்கின்படி, 100 உருபா கட்டி வென்றவன் 200 உருபா பெறுதல் வேண்டும். கடைக்காரனோ இருபக்கத்திற்கும் 190 என்றே குறிக்கின்றான் என்க. இருவர் இரு பக்கமும் நூறு நூறு கட்டினால், வந்தது 200, கொடுப்பது 190, எஞ்சிய 10 கடைக்காரனுக்கு. எவ்வணி வென்றாலும் அவன் வென்றான். இவ்வாறு இருபது முறை கட்டுகின்றவன், பத்தில் வென்று பத்தில் தோற்றால், பெறுவது 1,900, கட்டியது 2,000. அவன் அறிவின்மையால் அந்நூறு உருபா போகவில்லை. கடையின் கணக்கே அவ்வாறு அமைக்கப்பட்டது. நாளும் ஆடுபவன் நாளும் இழப்பதற்கென்றே ஆடுகின்றான்.

அது முதற்சூது. மறைகாசு அதன்மேல் ஏற்றுவது இரண்டாஞ் சூது. 2021 நவம்பர் 14-இல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் துபாயில் நடந்தபோது, ஒரு பிட்காயின் 60,000 அமெரிக்கத் தாலருக்கு மேல் விற்றது. அடுத்த கோப்பையின் இறுதியாட்டம் 2022 நவம்பர் 13-இல் மெல்போர்னில் நடந்தபோது, 17,000 தாலருக்கும் கீழே கிடந்தது. இடைப்பட்ட ஓராண்டில் ஒரு பந்தயத்திலும் தோலாதவன்கூட, காசைக் கையில் வைத்திருந்தமையாலேயே ஏறத்தாழ நாலில் மூன்று பங்கை இழந்தான். 2024 தெசம்பரில் அக்காசு ஓரிலக்கம் தாலரைத் தாண்டியதே என்பார்க்கு நம் விடை இது: ஏற்றமும் இறக்கமும் நம் கையில் இல்லாமையே சூதின் இலக்கணம். தாலரோடு பிணைத்த டெதர் போன்ற காசுகளில் இவ்வேற்றத்தாழ்வு குறையலாம், முகமின்மை குறையாது.

இக்கடைகள் எங்குள்ளன? அவற்றுட் பல, கரிபியன் கடலில் ஒல்லாந்து முடியரசைச் சார்ந்த குராசோ என்னும் சிறு தீவின் உரிமத்தைக் காட்டுவன. 2024 தெசம்பரிற் புதுச்சட்டம் வரும்வரை, அங்கே தலைமை உரிமம் பெற்ற நால்வரே மற்றைக் கடைகளுக்குக் கிளையுரிமம் வழங்கிவந்தனர். கடை ஒரு தீவில். காசு எந்நாட்டிலும் இல்லை. இழந்தவன் மட்டும் தன் வீட்டில், தன் பெண்டு பிள்ளைகளின் முன்னிலையில்.

மறைகாசின் நம்பகத்திற்கு விளையாட்டே விளம்பரமானது இன்னுங் கொடிது. எஃப்டிஎக்சு என்னும் மறைகாசுச் சந்தைக் குழுமம், 2021-இல் அமெரிக்கத் தளக்கட்டுப் பந்தாட்ட நடுவர்களின் சட்டையிலேயே தன் பெயரைப் பொறித்தது. மியாமி நகரின் கூடைப்பந்து அரங்கிற்கும் தன் பெயரை இட்டது. 2022 நவம்பர் 11-இல் அக்குழுமம் நொடித்தது. அதனை நிறுவிய சாம் பேங்க்மன் பிரீடு, வாடிக்கையாளர் பணத்தைக் கையாடிய ஏமாற்றுக் குற்றத்திற்காக 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறை பெற்றான். நடுநிலைக்கு அடையாளமாகிய நடுவனின் சட்டையையே விலைக்கு வாங்கிய பணம் அது! இங்கிலாந்தின் தலைமைக் கால்பந்துக் குழுக்கள், சூதுக்கடைப் பெயர்களை 2025-26 பருவத்தின் முடிவோடு சட்டையின் முன்புறத்தினின்று நீக்க 2023 ஏப்பிரலில் இசைந்தன. சட்டைக் கைக்கோ அவ்விலக்கு இல்லை. நெஞ்சில் இருந்தால் தீது, தோளில் இருந்தால் நன்றோ?

விளையாட்டையும் இச்சூது உயிரோடு விடாது. 2010-இல் இலண்டன் இலார்ட்சுத் திடலில், பாக்கித்தான் பந்துவீச்சாளர் இருவர் பேசிவைத்தபடி பிழைப்பந்து வீசினர். அணித்தலைவரும் அவ்விருவரும் 2011 நவம்பரிற் சிறை புகுந்தனர். அன்று கையூட்டுப் பணம் தாள்தாளாக மேசைமேல் எண்ணப்பட்டது, ஓர் இதழின் மறைவான படப்பொறி அதனைப் பதிவு செய்தது, குற்றம் வெளிப்பட்டது. அதே கையூட்டு மறைகாசாய்க் கைம்மாறினால், எம்மேசையைப் படம்பிடிப்பது?

'எமக்கு ஆட்டம் தெரியும். இது திறன்' என்பர் சிலர். 1996-இல் இந்திய உச்ச நயமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறன்சார் ஆட்டம் என்றதிலிருந்து, சூதெல்லாம் இக்குடையின்கீழ் ஒதுங்கப் பார்த்தன. திறன் பந்தடிப்பவனுடையது, பார்த்திருந்து காசு கட்டுபவனுடையதன்று. 'என் பணம், என் உரிமை' என்பர் வேறு சிலர். கடன்பட்டுக் கட்டிய பணம் யாருடையது? பிள்ளையின் கல்விக்கென வைத்த பணம் யாருடையது?

குலுக்குச்சீட்டைத் தமிழ்நாடு 2003-இல் ஒழித்தது. அதற்குக் கடை இருந்தது, தாள் இருந்தது, விற்பவன் இருந்தான்; சட்டத்தின் கை எட்டியது. இணையச் சூதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்பிரலில் வந்தது. நடுவணரசோ, 2022 ஏப்பிரல் முதல் மறைகாசு ஊதியத்திற்கு 30 விழுக்காடும், 2023 அக்குதோபர் முதல் பணங் கட்டும் இணைய ஆட்டங்களுக்கு 28 விழுக்காடும் வரி விதித்துவிட்டு, 2025 ஆகசுட்டிலேதான், திறனென்றும் வாய்ப்பென்றும் பாராது அவ்வாட்டங்கள் அனைத்தையும் தடுத்தது. முதலிற் பங்கு கேட்டது. பின்னர்க் குற்றம் என்றது. நடத்துவோர்க்கு மூவாண்டு வரை சிறையும் ஒரு கோடி உருபா வரை தண்டமும் உண்டு. நன்று, ஆயின் தீவிலிருப்பவனை எச்சிறையில் அடைப்பது?

ஆகவே சட்டம் ஒன்றே போதும் என்று இருந்துவிடற்க. மறைகாசுச் சந்தைகளில் உருபா நுழையும் வாயிலையும் வெளியேறும் வாயிலையும் அரசு விழித்திருந்து காத்தல் வேண்டும். அணிகளும் ஆட்டக்காரரும் சூதுக்கடையின் காசைத் தீண்டாதிருத்தல் வேண்டும். ஆசிரியன்மார் மேற்காட்டிய 190 உருபாக் கணக்கை வகுப்பிற் கரும்பலகையில் எழுதிக்காட்டல் வேண்டும். நூறு அறவுரையினும் அவ்வொரு கணக்கு மிகுதியாய்ப் பயன்படும்.

வள்ளுவப் பெருமகன் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூதை வைத்தான். கள்ளைப்போல் மயக்குவது அது. நோயைப்போல் தீர்க்கப்பட வேண்டுவதும் அது. நம் வழக்கில் 'நாணயம்' என்னுஞ் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முகம் மறைத்து வரும் இக்காசுக்கு அவ்விரண்டாம் பொருள் இல்லை.

இளைஞரே! ஆட்டத்தை ஆடுங்கள், கண்டு மகிழுங்கள், தோற்ற அணிக்காக வருந்துங்கள். அவ்வருத்தம் மறுநாட் காலையில் ஆறிவிடும். கட்டிய காசு திரும்பாது.