பேசக் கற்க வேண்டியவர் யார்?

சோக்கு பொருத்திய பழைய குழல்விளக்கு சீராக ஒளிர்வதாகவே நமக்குத் தோன்றும். ஆனால் நமது மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் அல்லவா? எனவே அதன் ஒளி வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நம்மில் பலர் இதை உணர்வதே இல்லை. ஆட்டிசம் உள்ள சிலருக்கோ அந்தத் துடிப்பும், சோக்கின் ரீங்காரமும் தாங்க முடியாத தொல்லை.

ஆட்டிசம் தொற்றுநோய் அன்று. பெற்றோர் வளர்ப்பின் குறையும் அன்று. மூளை வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. இதை 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் விரிவாக விளக்கினார். ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலி, ஒளி, தொடுகை ஆகியவை மிகையாகவோ குறைவாகவோ படுகின்றன. பிறர் குறிப்பாகச் சொல்வதைப் புரிந்துகொள்வதும் கடினமாக இருக்கலாம்.

இத்தகைய இளைஞர்களுக்கு உதவும் முறைகளுள் ஒன்று தொழில்வழிச் சிகிச்சை. ‘தொழில்’ என்றதும் சம்பளத்திற்குச் செய்யும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். உடுத்துவது, எழுதுவது, சமைப்பது, விளையாடுவது எல்லாமே இதில் அடங்கும். எந்த ஒலி, எந்தத் தொடுகை தொல்லை தருகிறது என்பதைச் சிகிச்சையாளர் முதலில் கண்டறிகிறார். பிறகு ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரிக்கிறார். கடைக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதுவது, வரிசையில் நிற்பது, பொருளைக் கேட்பது, மீதிச் சில்லறையை எண்ணுவது என ஒவ்வொன்றாகப் பழக்குகிறார். நால்வர் சேர்ந்து சமைத்தால், ‘உப்புப் போட்டாயிற்றா?’ என்று ஒருவர் கேட்டே ஆகவேண்டும். வேலையே பேச்சை வரவழைக்கிறது!

ஆனால் இந்தப் பயிற்சியின் நோக்கம் அவர்களை நம்மைப்போல நடிக்க வைப்பதாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்துவதால் என்ன பயன்? புரிதல் இருபக்கமும் தேவை என்பதை, தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் அறிஞர் டேமியன் மில்டன் 2012-இல் எடுத்துரைத்தார்.

2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லும்படி வரிசைகள் அமைக்கப்பட்டன. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குச் சமமாகவே செய்தியைக் கடத்தியது. இருவரும் கலந்த வரிசையில்தான் செய்தி அதிகம் தேய்ந்தது. 2025-இல் வெளியான பெரிய ஆய்விலோ கலப்பு வரிசையும் சமமாகவே நின்றது. இரண்டு ஆய்விலும் ஆட்டிசம் உள்ளவர்களின் வரிசை பின்தங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நானும் ஒருமுறை தவறியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் என் மாணவன் ஒருவன் தரையையே பார்த்துக்கொண்டு மௌனமாக நின்றான். பாடம் தெரியவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவன் ஒரு தாளை வாங்கி, எல்லா விடைகளையும் பிழையின்றி எழுதிக் கொடுத்தான்! மதிப்பெண்ணைத் திருத்தினேன். அவனுக்கு ஆட்டிசம் இருப்பது பின்னரே தெரிந்தது.

வானொலி கரகரத்தால் நிலையத்தை மட்டும் குறை சொல்வோமா? நம் பெட்டியையும் சற்றுத் திருப்பிப் பார்ப்போம் அல்லவா? உங்கள் வகுப்பிலும் இத்தகைய நண்பர் இருக்கலாம். சொல்வதை நேராகச் சொல்லுங்கள். விடைக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். கேட்காமல் தோளில் கைபோடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் அவருக்கும் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். சிகிச்சையாளர் பாதி வழிதான் அழைத்து வர முடியும். மீதிப் பாதி நம்முடையது.