ஓட விட்டால் மட்டும் சூடாகாது!

கடுங்குளிர் பிரதேசங்களில் புல்டோசர், எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர்களிடம் பரவலாக ஒரு பழக்கம் உண்டு. காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் சும்மா ஓட விட்டுவிடுவார்கள். "நல்லா சூடேறட்டும்" என்பதுதான் காரணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் டீசல் என்ஜினைச் சூடேற்ற வேண்டியது ஸ்டார்ட் செய்த பிறகு அல்ல, அதற்கு முன்பு! இந்த ஒரு விஷயம் புரியாததால் வீணாகும் டீசலும் என்ஜினும் கொஞ்சநஞ்சமல்ல.

டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜின் போல ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 15 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்தில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. சிலிண்டர் சுவர் பனிக்கட்டி போல இருந்தால் அந்த வெப்பத்தைச் சுவரே உறிஞ்சிவிடும். பிறகு எங்கிருந்து பற்றுவது?

குளிரின் வேலை இதோடு முடிவதில்லை. டீசலில் இயற்கையாகவே இருக்கும் மெழுகு குளிரில் உறைந்து ஃபில்டரை அடைக்கிறது. என்ஜின் ஆயில் தேன் போலக் கெட்டியாகிறது. பேட்டரியின் சக்தியும் -18 டிகிரியில் பாதிக்கும் கீழே போய்விடும். அதாவது என்ஜினைச் சுற்றுவதற்கு அதிக பலம் தேவைப்படும் அதே நேரத்தில், சுற்றுகிற பேட்டரிக்குப் பலம் இல்லை!

இது ஏதோ அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் மட்டும் உரிய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு லடாக்கிலேயே இருக்கிறது. கார்கில், திராஸ் பகுதிகளில் குளிர்காலத்தில் -20 டிகிரிக்கும் கீழே போவது சகஜம். ஸ்ரீநகரையும் லடாக்கையும் இணைக்கும் ஜோஜிலா கணவாய் 11,500 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தமும் சமவெளியை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எல்லைச் சாலைகள் அமைப்பின் பனி வெட்டும் இயந்திரங்கள் இந்தக் குளிரில்தான் வேலை செய்கின்றன. முன்பெல்லாம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த அந்தப் பாதையை 2023ல் 68 நாட்களில் திறந்துவிட்டார்கள். அந்தச் சாலையில்தான் காய்கறி வருகிறது, மருந்து வருகிறது, ராணுவத்துக்கு ரேஷன் போகிறது. ஒரு இயந்திரம் காலையில் கிளம்பவில்லை என்றால் நஷ்டம் அதன் முதலாளிக்கு மட்டும் இல்லை.

சரி, ஸ்டார்ட் ஆகிவிட்டது, சும்மா ஓட விட்டால் என்ன தப்பு? வேலையில்லாமல் ஐடிலில் ஓடும் டீசல் என்ஜின் மிகக் குறைந்த எரிபொருளைத்தான் எரிக்கிறது. கடுங்குளிரில் அந்த வெப்பம் வெளியே இழப்பதை ஈடுகட்டவே சரியாகப் போய்விடும். முழுதாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, என்ஜின் ஆயிலோடு கலக்கிறது. வால்வுகளில் கரி படிகிறது. அக்கறையோடு செய்த காரியமே என்ஜினின் ஆயுளைக் குறைக்கிறது.

சரியான முறை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கனடாவிலும் அலாஸ்காவிலும் பல காலமாகச் செய்வதுதான். பிளாக் ஹீட்டர் என்ற சின்ன மின்சார ஹீட்டர், என்ஜினைச் சுற்றியுள்ள கூலன்ட்டை இரவிலேயே சூடாக வைத்திருக்கும். மின்சாரம் இல்லாத இடத்துக்கு டீசலிலேயே எரியும் சிறிய ஹீட்டர்கள் உண்டு. கூடவே, குளிருக்கு ஏற்ற ஆயில். 15W ஆயில் -20 டிகிரி வரை என்ஜினைச் சுற்றவிடும். 5W என்றால் -30, 0W என்றால் -35. ஸ்டார்ட் ஆனதும் உடனே ஆக்ஸிலேட்டரை முறுக்காமல், டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரும்வரை ஐந்து நிமிடம் போல ஐடிலில் விட்டு, பிறகு லேசான வேலை கொடுக்க வேண்டும். பூம், பக்கெட்டை மெதுவாக நாலு முறை ஏற்றி இறக்கினால் ஹைட்ராலிக் ஆயிலும் இளகும். என்ஜினைச் சூடாக்குவது ஓட்டம் அல்ல, வேலை.

"-40 டிகிரியில் அணைத்தால் மறுபடி கிளம்பாது, அதனால்தான் இரவு முழுக்க ஓட விடுகிறோம்" என்று சொல்பவர்களும் உண்டு. ஹீட்டர் இல்லாத இடத்தில் அது நியாயமே. ஆனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஏன் ஹீட்டர் இல்லை என்பதுதான்.

இங்கேதான் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வருகிறது. முதலாளி ஹீட்டர் வாங்கித் தருவதில்லை, குளிர்கால டீசலும் தருவதில்லை. ஆனால் எட்டு மணிக்கு இயந்திரம் ஓடியாக வேண்டும்! ஆபரேட்டர் என்ன செய்வார்? டேங்குக்கு அடியில் தீ மூட்டுவார், டீசலில் மண்ணெண்ணெய் கலப்பார், ஈதர் ஸ்பிரே அடிப்பார். முதலாவது ஆளையே எரித்துவிடும். இரண்டாவது டீசலின் வழவழப்பைக் குறைத்து பம்பைத் தேய்த்துவிடும். மூன்றாவது, குளோ பிளக் உள்ள என்ஜினில் வெடிக்கக்கூடியது. இதில் எது நடந்தாலும் பழி மட்டும் "அவனுக்கு ஓட்டத் தெரியல" என்று ஆபரேட்டர் தலையில்!

-33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019ல் லடாக்குக்காகவே அறிமுகப்படுத்தியது. எரிபொருள் பிரச்சினைக்கு அரசு நிறுவனமே வழி கண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் ஹீட்டரும் நல்ல ஆயிலும் பேட்டரியும் ஒரு புது என்ஜினின் விலையில் சிறு துளிதான். கோடி ரூபாய் இயந்திரம் வாங்குபவருக்கு அது பெரிய செலவு இல்லை. விடியற்காலைக் குளிரில் டேங்குக்கு அடியில் தீப்பந்தத்தோடு குனிந்திருக்கும் ஆளுக்கோ, அது உயிர்.