'நார்மல்' ஸ்லைடை மறுபடி பார்ப்பது யார்?

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும் பாப் ஸ்மியர் பரிசோதனையில், சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்பட்ட ஸ்லைடு எப்படியும் நோயியல் மருத்துவரின் கைக்குப் போகும். தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் நடக்கும். தவறு இருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். 'நார்மல்' என்று எழுதப்பட்ட ஸ்லைடோ நேரே அலமாரிக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான நல்ல செல்களுக்கு நடுவே கிடந்த நாலைந்து கெட்ட செல்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தால், அது தெரியவரச் சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நோய் முற்றியிருக்கலாம். சாயத்தையும் நுண்ணோக்கியையும் அன்றாடம் சரிபார்ப்பது அவசியம்தான். ஆனால் செல் ஆய்வகத்தின் தரம், அது தன்னுடைய 'நார்மல்' முடிவுகளை எவ்வளவு சந்தேகிக்கிறது என்பதில் இருக்கிறது.

அமெரிக்கா இதைப் பட்டுத்தான் கற்றது. ஆய்வகங்களில் ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பணியாளர்கள் அவசர அவசரமாகப் பார்த்துத் தள்ளியதை 1987இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் நிருபர் வால்ட் பொக்டானிச் அம்பலப்படுத்தினார். மறு ஆண்டே சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த விதிகளின்படி, ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது. நார்மல் ஸ்லைடுகளில் குறைந்தது 10 சதவீதத்தை மூத்தவர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு பெண்ணுக்குப் புதிதாகத் தீவிர மாற்றம் தெரிந்தால், முந்தைய 5 ஆண்டுகளில் அவருக்கு நார்மல் என்று சொன்ன ஸ்லைடுகளைத் தேடி எடுக்க வேண்டும். மூன்றாவது விதியே மேலானது. தவறு ஒளிந்திருக்கக்கூடிய இடத்துக்கே அது நேராகப் போகிறது. 100 என்பது உச்சவரம்பு. அதையே தினசரி இலக்காக்கும் நிர்வாகத்தை எந்த விதியாலும் திருத்த முடியாது.

எந்தப் பரிசோதனையும் முழுமையல்ல, சில தவறுகள் தவிர்க்க முடியாதவை என்பார்கள். உண்மைதான். ஆனால் அயர்லாந்தில் 2018இல் வெடித்த பாப் ஸ்மியர் விவகாரத்தில் மக்களைக் கொதிக்கவைத்தது தவறு நேர்ந்தது மட்டுமல்ல. 200க்கும் மேற்பட்ட பெண்களின் பழைய ஸ்லைடுகளை மறு ஆய்வு செய்தபோது வேறு முடிவு வந்தும், பெரும்பாலோரிடம் அதைச் சொல்லாததும்தான். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைக் கண்டறியும் பரிசோதனை வந்துவிட்டதே, இனி ஸ்லைடு எதற்கு என்றும் கேட்கலாம். பல திட்டங்களில் எச்பிவி இருப்பது தெரிந்த பெண்களுக்கு அடுத்தபடி ஸ்லைடுதான். எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றிலும் ஆபத்து கூடும். மறுபடி பார்த்தால் செலவு கூடும் என்பது மெய்யான தடை. இந்தியாவில் ஆய்வகங்களுக்கான என்ஏபிஎல் தர அங்கீகாரம் பெறுவது ஆய்வகத்தின் விருப்பம் என்ற நிலையில், செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது மறுபார்வையில்தான். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனைகள் விலைப்பட்டியலோடு இன்னொன்றையும் கேட்டு வாங்கலாம்: சென்ற ஆண்டு நார்மல் ஸ்லைடுகளில் எத்தனையை மறுபடி பார்த்தீர்கள், எத்தனையில் முடிவு மாறியது?