ஹெல்சின்கி டு டோக்கியோ: ஒன்பதரை மணி நேரப் பயணம் 13 மணி நேரமானது எப்படி?

ஃபின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோ எவ்வளவு தூரம்? இணையத்தில் தேடினால் சுமார் 7,800 கி.மீ என்று வரும். 2022 பிப்ரவரி வரை ஃபின்னேர் விமானம் இதை ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தது. அதன்பிறகு சுமார் 13 மணி நேரம் ஆகிறது. விமானத்தின் வேகம் குறையவில்லை. அப்புறம் ஏன் இந்தத் தாமதம்?

நடுவில் ரஷ்யா

இரு நகரங்களுக்கும் இடையிலான குறுக்குவழி பெரும்பாலும் ரஷ்யாவின் சைபீரியா மீதுதான் செல்கிறது. உக்ரைன் போர் தொடங்கியதும், ரஷ்ய விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. பதிலடியாக 36 நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது.

இப்போது எந்த வழி?

இரண்டு சுற்றுவழிகள் உள்ளன. ஒன்று, வட துருவத்தைத் தாண்டி அலாஸ்கா பக்கமாக இறங்குவது. இதில் மட்டும் 3,000 கி.மீ-க்கு மேல் கூடுதல். இன்னொன்று, தெற்கே துருக்கி, கஜகஸ்தான், சீனா வழியாகச் செல்வது. அன்றைய காற்றைப் பார்த்து வழி முடிவாகும்.

இது புதுசும் இல்லை. பனிப்போர் காலத்தில் சோவியத் வான்வெளி கிடைக்காததால், 1983-இல் ஃபின்னேர் வட துருவம் வழியாகத்தான் டோக்கியோவுக்கு நேரடி விமானம் விட்டது. கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதே பாதை!

யாருக்கு இழப்பு?

கூடுதல் நேரம் என்றால் கூடுதல் எரிபொருள், கூடுதல் பைலட்கள். 'ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்குவழி ஹெல்சின்கி' என்பதை நம்பியே ஃபின்னேர் தன் தொழிலை வளர்த்தது. அந்தச் சாதகம் ஒரே வாரத்தில் போய்விட்டது.

சீன நிறுவனங்களுக்கு ரஷ்யா தடை விதிக்கவில்லை. அவை பழைய குறுக்குவழியிலேயே ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. போட்டி சமமாக இல்லாத நிலையில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் லண்டன் - பெய்ஜிங் சேவையை நிறுத்தியது.

இந்தியாவுக்கும் இதே சிக்கலா?

ஆமாம். 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளியை மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் டெல்லி - வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியதற்கு, விமானப் பற்றாக்குறையுடன் இதுவும் ஒரு காரணம்.

டிக்கெட் போடும்போது...

தூரத்தைக் காட்டும் இணையதளங்கள், உருண்டையான பூமியின் மேல் இரு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறைந்த தூரத்தைத்தான் கணக்கிடுகின்றன. எந்த நாடு கதவை மூடியிருக்கிறது என்பது அதில் வராது. அதனால் கி.மீ கணக்கை வைத்து நேரத்தைக் கணிக்காமல், டிக்கெட்டில் உள்ள பயண நேரத்தைப் பாருங்கள். ஒரே ஊருக்கு இரண்டு நிறுவனங்களின் நேரம் மூன்று மணி நேரம் வித்தியாசப்பட்டால், அவை பறக்கும் பாதையே வேறாக இருக்கலாம்.