கணக்கும் இயற்பியலும் ஒன்றாய் உட்காரட்டும்

பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், முன்னாள் மாணவர் சங்கத்து அண்ணன்மார், அக்காமாருக்கும்,

ஃபின்லாந்தின் எஸ்போவிலிருந்து எழுதுகிறேன். நுழைவு வளைவுக்கு நன்கொடை கேட்டிருந்தீர்கள். பணம் தருகிறேன், வளைவுக்கு வேண்டாம்.

பொங்கலுக்கு வந்தபோது பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகளின் இயற்பியல் நோட்டைப் பார்த்தேன். இரண்டாம் அலகு இயக்கவியலிலேயே வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் வந்துவிடுகின்றன. கணிதத்திலோ அவை இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. “கணக்குல இப்பத்தான் நடத்துறாங்க மாமா. அப்போ மனப்பாடம் பண்ணிட்டேன்” என்றாள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இந்த முரண் பிளஸ் ஒன்னில் தொடங்குவதும் அல்ல. திசைவேக–கால வரைபடத்தின் சாய்வுதான் முடுக்கம் என்று ஒன்பதாம் வகுப்பு அறிவியல் சொல்கிறது. நேர்க்கோட்டின் சாய்வு பத்தாம் வகுப்புக் கணக்கில்தான் வருகிறது. பத்தாவது வேதியியலில் பி.எச். மதிப்புக் காண மடக்கை வேண்டும். மடக்கையோ பிளஸ் ஒன் கணக்கு. பிள்ளைகள் கணக்கைக் கண்டு நடுங்குவது, பொறியியலில் முதல் ஆண்டே அரியர் விழுவது, இரண்டு டியூஷனுக்கு வீடு கடன்படுவது எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன என்பேன்.

ஃபின்லாந்தில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் கையில். என் மகள் சுருள்வில்லில் எடை தொங்கவிட்டு நீட்சியை அளந்தாள். அடுத்த கணக்கு வகுப்பில் அதே அளவுகளைக் கோடாக வரைந்து சாய்வு கண்டாள். பல பாடங்களை இணைத்த கற்றல் ஆண்டுக்கு ஒன்றாவது வேண்டும் என்பது 2016 முதல் இந்நாட்டுப் பாடத்திட்ட விதி. பிசா என்னும் பன்னாட்டுத் தேர்வில் இந்நாட்டின் கணித மதிப்பெண் 2006இல் 548, 2022இல் 484. ஃபின்லாந்தும் சறுக்கியிருக்கிறது, மறைக்கவில்லை. பாடங்களை இணைத்து நடத்தும் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஊரை விட்டுப் போனவன் தூரத்திலிருந்து பாடம் நடத்துகிறான் என்று தோன்றும். அங்கே இருந்து செய்ய வேண்டிய வேலைதான், தெரியும். என் மகளுக்குத் தானாகக் கிடைப்பது அக்கா மகளுக்குக் கிடைக்காதபோது எப்படிச் சும்மா இருப்பேன்?

புத்தகத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. கணித ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் ஜூனுக்கு முன் உட்கார்ந்து பேசலாமே. முதல் இரண்டு வாரம் கணக்கு வகுப்பில் வெக்டரும் எளிய வகையிடலும் நடக்கட்டும். பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் 2025இல் எடுத்துவிட்டார்கள். இதைவிடத் தோதான நேரம் ஏது? என் பணம் சுருள்வில்லுக்கும் எடைக்கற்களுக்கும், அந்த ஆசிரியர்களின் விடுமுறை உழைப்புக்கான மதிப்பூதியத்துக்கும் போகட்டும்.

மே மாதத்துக்குள் தலைமையாசிரியரைப் பாருங்கள். நாள் குறித்துச் சொன்னால் நானும் வீடியோ காலில் வருகிறேன்.