அம்மனுக்குப் பொங்கல் போதும், புகை வேண்டாம்

மாசி பிறந்தால் திருவனந்தபுரத்து நடைபாதைகளில் செங்கலும் மண்பானையும் குவிந்துவிடும். சாலைக் கடைத்தெருவில் கட்டுக் கட்டாகக் கொதும்பு, காய்ந்த தென்னம்பாளை, விலைக்கு வரும். அம்மனுக்குப் பெண்கள் தெருவெங்கும் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலைக்கு எங்கே இடம் பிடிப்பது என்பதுதான் அப்போது வீட்டுக்கு வீடு பேச்சு. அடுப்பை எப்படி மூட்டுவது என்று யாரும் பேசுவதில்லை.

1997இல் 15 லட்சம் பெண்கள், 2009இல் 25 லட்சம் என்று கின்னஸ் ஏட்டில் ஏறிய கூட்டம் இது. கோயிலில் பாடும் தோற்றம்பாட்டில் கண்ணகி கதை பாண்டியன் சாவை எட்டியதும் கோயில் முன்னிருக்கும் பண்டார அடுப்பில் முதல் தீ. அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு மாறி, கிழக்கேகோட்டை, தம்பானூர் என்று தீ பரவும். கொஞ்ச நேரத்தில் எதிர்வரிசை தெரியாது, அத்தனை புகை. கேஸ் அடுப்பில் பழகிய கைகளுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் விறகடுப்பு என்றால் வேறென்ன ஆகும்? கண்ணெரிச்சலையும் நேர்ச்சைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புகை என்பது எரியாமல் தப்பிப்போன விறகுதான். விறகு சூடேறினால் முதலில் ஈரம் ஆவியாகும். பிறகு வாயுக்கள் கிளம்பும். சூடும் காற்றும் போதிய அளவு கிடைத்தால் அந்த வாயுக்கள் சுடராக எரியும். கிடைக்காவிட்டால் புகையாகிக் கண்ணுக்கு வரும். ஈர விறகு தன் சூட்டில் ஒரு பங்கைத் தன்னை உலர்த்தவே செலவழித்துவிடும். அடுப்பு வாயை அடைத்துத் திணித்த விறகும் அப்படித்தான், மூச்சு முட்டிப் புகையும்.

ஒருமுறை பொங்காலையன்று மணக்காட்டில் நாகர்கோவில் பக்கத்துப் பாட்டி ஒருத்தி அடுப்பு மூட்டுவதைப் பார்த்தேன். மூன்று செங்கலையும் நெருக்கி வைக்காமல் இடைவெளி விட்டார். காற்று வரும் பக்கம் அடுப்பின் வாய். உள்ளே ஒரு துண்டுச் சிரட்டை, விரல் கனத்தில் கீறிய கொதும்பு நாலைந்து, அவ்வளவுதான். பக்கத்து அடுப்பில் ஓர் இளம்பெண் ஊதி ஊதிக் களைத்திருந்தாள். "ஊதாத மக்ளே, பாதி வெறக வெளிய இழு. தீக்கு எடம் வேணும்லா" என்றார் பாட்டி. இழுத்ததும் குப்பென்று சுடர் எழுந்தது.

இந்தச் சூட்சுமத்தை வீட்டு அடுக்களைக்குக் கொண்டுபோனது கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம். 1980களில் பரவிய 'பரிஷத் அடுப்பு' ஒரே தீயில் இரண்டு பாத்திரத்தைச் சூடாக்கியது. புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேலே அனுப்பியது. அதுவரை புழங்கிய மூன்று கல் அடுப்பிலோ விறகின் சூட்டில் ஏழில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே அதிகம்.

திறந்த வீதியில் புகை கண்ணைக் கரிக்கும். மூடிய அறையில் ஆளையே கொல்லும். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, எழுப்பிவிட்டு வராது.

பொங்காலைக்குப் போகிறவர்கள் பருத்திச் சேலை கட்டுங்கள். முந்தானையை இடுப்பில் செருகி, கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். உங்கள் அடுப்பைப் பார்த்துக் குனியும்போது முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி அடுப்பு எரிகிறது என்பது நினைவிருக்கட்டும். கை சுட்டால் 20 நிமிடம் தண்ணீர் விடுங்கள், பற்பசை பூசாதீர்கள். பூசாரி தீர்த்தம் தெளித்த கையோடு கிளம்பிவிடாமல் கொள்ளியை வெளியே இழுத்து, நீர் தெளித்து, கங்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுப் போங்கள். மாநகராட்சி அந்தச் செங்கற்களைத் திரட்டி ஏழைகளுக்கு வீடு கட்டத் தருகிறது. பொறுக்க வருகிற தொழிலாளி வெறுங்கையோடுதான் வருவார்.